மேசைக் கணனி யாருக்கு இலகு? வன்னியை முன்வைத்து ஒரு மீளாய்வு

கணனி மென்பொருளைச் சாதாரண மனிதர் தட்டுத்தடுமாறாமல் பாவிக்கச் செய்வது எப்படி? கணனி ஆய்வுகூடத்தை விட்டு அலுவலகத்துக்குள் நுழைந்த நாள்தொட்டு இந்தக் கேள்வி இருக்கிறது. ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆய்வுகூடத்தில் 1973இல் இயங்கத் தொடங்கிய ஆல்ட்டோ கணனி, 1984இல் வந்த மக்கின்டோஷ், 1995இல் வந்த விண்டோஸ் 95 என ஒவ்வொன்றும் தன் காலத்து விடையாகவே வந்தது. விடைகள் பெருகின; கேள்வி தீரவில்லை.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இதே கேள்விக்குப் பாரம் அதிகம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து வாழ்ந்தோர் சுமார் 378,000 பேர். 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும்கூடக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நிலம் இது. 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2008–2009 இடப்பெயர்வுகளில் வீட்டோடு பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. மீளக்குடியேறிய பின்னர் வீட்டுத்திட்டம், காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழின் பிரதி என்று எதைக் கேட்டுப் போனாலும், அது எங்கோ ஒரு மேசைக் கணனியில் தட்டப்பட்டே கைக்கு வருகிறது. ஆகவே மென்பொருள் இலகுவாக இருப்பதை இங்கே வெறும் வசதி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குடும்பத்தின் உரிமை எத்தனை நாளில், எத்தனை பிழையோடு அதன் கைக்கு எட்டுகிறது என்பதும் அதில் தங்கியிருக்கிறது.

இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இக்கட்டுரை ஏழாக வகுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, வன்னிச் சூழலில் எதுவரை செல்லுபடியாகிறது, எங்கே தளர்கிறது என்று பார்க்கிறது.

1. திரையைத் திருத்துதல்

முதல் நிலைப்பாட்டின்படி, தடுமாற்றத்துக்குக் காரணம் வடிவமைப்பு, பாவனையாளர் அல்லர். கட்டளைகளை மனனம் செய்து தட்டுவதைவிட, கண்முன் தெரியும் பொருளைச் சுட்டியால் தொட்டு இழுப்பது இயல்பானது என்று பென் ஷ்னைடர்மன் 1983இல் வாதிட்டார். அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி டொனால்ட் நோர்மன் 1988இல் எழுதிய நூல், மோசமாக வடிவமைத்த பொருளோடு மல்லுக்கட்டும் மனிதர் தம்மையே குறைசொல்லிக்கொள்வதைச் சுட்டிக்காட்டியது. ஜேக்கப் நீல்சன் 1994இல் பத்து மதிப்பீட்டு நெறிகளை வகுத்துத் தந்தார். 1998இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9241 நியமத்தின் 11ஆம் பகுதி, பாவனை இலகு என்பதை மென்பொருளின் தனிக்குணமாகக் கொள்ளாமல், குறித்த பாவனையாளர் குறித்த சூழலில் குறித்த வேலையை எவ்வளவு சரியாக, விரைவாக, மனநிறைவோடு செய்கிறார் என்பதாக வரையறுத்தது.

இந்த முகாமுக்குள்ளேயே ஒரு பிணக்கும் உண்டு. சன் நிறுவனம் 2001இல் கட்டற்ற மென்பொருளான குனோம் மேசைத்தளத்தைப் பாவனையாளரிடம் கொடுத்துச் சோதித்தது. அடுத்த ஆண்டு வந்த குனோம் 2 பல தெரிவுகளைக் களைந்து எளிமையை நாடியது. 2005 இறுதியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தப் போக்கு பாவனையாளரை அறிவிலிகளாக நடத்துகிறது என்று சாடி, கே.டி.ஈ. மேசைத்தளத்தைப் பரிந்துரைத்தார். எளிமை யாருக்கு என்பதே அந்த விவாதத்தின் உட்கேள்வி. 2007இல் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸின் பழைய பட்டிகள் நீங்கி நாடாப்பட்டை வந்தபோதும் அதே கேள்வி எழுந்தது. புதியவருக்கு உதவக்கூடிய ஒரு மாற்றம், பட்டியின் இடங்களை மனனம் செய்து வேலை செய்துவந்தவரின் கையை ஒரே நாளில் கட்டிப்போட்டது.

இம்மரபின் பெரும்பாலான சோதனைகள் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, தடையற்ற மின்சாரம் உள்ள சமூகங்களில் நடந்தவை. நியமம் சொல்லும் “குறித்த சூழல்” என்ற நிபந்தனை வன்னிக்கு நிறைவேற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஒரு சிறு உதாரணம் போதும். வேர்ட் மென்பொருள் மீட்புப் பிரதியை இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறது. புதிய பதிப்புகளின் உடனடித் தன்னியக்கச் சேமிப்போ கோப்பு இணையக் களஞ்சியத்தில் இருந்தால்தான் இயங்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. யூ.பி.எஸ். இல்லாத கணனியில் கடிதம் தட்டிக்கொண்டிருந்த முகாமைத்துவ உதவியாளருக்கு அந்த 10 நிமிடம் ஒரு பக்கம். திரையின் அழகு அவருக்கு இரண்டாம் பட்சமே.

2. ஆளைப் பழக்குதல்

இரண்டாவது நிலைப்பாடு இலங்கை அரசும் தொண்டு நிறுவனங்களும் பெரிதும் நம்பியது: மென்பொருள் எப்படி இருந்தாலும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். 2003இல் அமைக்கப்பட்ட தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம் 2005 முதல் நெனசல அறிவகங்களைத் திறந்தது. அதற்கும் முன்பே, போர்நிறுத்த காலத்தில், கிளிநொச்சியில் வன்னி ரெக் என்ற பயிற்சி நிறுவனம் புலம்பெயர் தமிழரின் துணையோடு இயங்கியது. இன்று கிளிநொச்சியில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும், அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், வவுனியாவில் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட முன்னாள் வளாகமும் உள்ளன. துறைசார்ந்தோர் உருவாகும் வழி திறந்திருக்கிறது.

ஆனால் சாதாரண பாவனையாளரின் கற்றல் வேறு வகையானது. ஐ.பி.எம். ஆய்வாளர் ஜோன் கரோல் 1980களில் நடத்திய ஆய்வுகள் இதில் இன்றும் பயன்படுகின்றன. மனிதர் கையேட்டை முழுக்க வாசித்துவிட்டு வேலை தொடங்குவதில்லை. வேலையைத் தொடங்கி, முட்டிமோதி, அதன் நடுவில்தான் கற்கிறார்கள். சொற்செயலி ஒன்றின் மேம்பட்ட வசதிகளைத் தற்காலிகமாகப் பூட்டிவைத்துக் கற்பித்தபோது, புதியவர்கள் பிழைகளில் சிக்கும் நேரம் குறைந்ததையும் அவர் காட்டினார். வேர்ட், எக்செல், பவர்பொயின்ற் என்று பட்டிபட்டியாகக் கற்பிக்கும் நம் குறுகியகால வகுப்புகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. அவை கற்பிப்பது ஒரு பதிப்பின் இடவமைப்பை. அந்தப் பதிப்பு மாறும்போது கற்றதும் தேய்கிறது.

பயிற்சியின் பலனை அளக்கும் அளவுகோலிலும் குறை இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, 5 முதல் 69 வயதுக்கு உட்பட்ட ஒருவர் கணனியைத் தாமாகவே இயக்க முடிந்தால் அவர் கணனி எழுத்தறிவு உடையவர். கணனியில் விளையாடத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையும் இதில் அடங்கும் என்று திணைக்களமே உதாரணம் தருகிறது. பரவலை அறிய இந்த அளவு உதவலாம். ஒரு விண்ணப்பத்தைப் பிழையின்றித் தமிழில் தட்டி, சேமித்து, அச்செடுக்க முடிகிறதா என்பதை இது சொல்லாது.

3. முகப்பைத் தமிழாக்குதல்

மூன்றாவது விடை மொழி. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அப்படியிருக்க, கரைச்சியிலும் ஒட்டுசுட்டானிலும் வெங்கலச்செட்டிகுளத்திலும் பிரதேச செயலகக் கணனிகள் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது பொருந்துமா என்பது நியாயமான வாதம். விண்டோஸுக்குத் தமிழ் முகப்புப் பொதிகள் வந்தன. குனோம், கே.டி.ஈ., பயர்பொக்ஸ், ஓப்பின் ஒஃபிஸ் போன்றவற்றைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் இரவு பகலாகத் தமிழாக்கினார்கள். ஊதியமின்றி நடந்த அந்தப் பணி நம் மொழிக்குக் கிடைத்த பெரிய கொடை.

பயன் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. இதற்குக் குறைந்தது மூன்று காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, பட்டிகள் தமிழான பின்னரும் பிழைச்செய்திகளும் உதவிப் பக்கங்களும் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுவதுண்டு. பாவனையாளருக்கு மொழி மிகவும் தேவைப்படும் இடமோ அதுதான். இரண்டு, தமிழாக்கத்தின் கலைச்சொற்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கைத் தழுவியவை. இலங்கைப் பாடநூல்களில் படித்தவருக்கு அவை அந்நியமாகத் தோன்றக்கூடும். கணனியின் மொழியமைப்பில் இந்தியத் தமிழைத் தெரிவுசெய்தால் எண்களும் மாறுகின்றன. அங்கே 1,00,000 என்று விழுவது இங்கே அலுவலகக் கணக்கில் 100,000. மூன்று, வகுப்பில் கற்பிப்பதும் பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தருவதும் ஆங்கிலப் பட்டிப் பெயர்கள். ஒருவர் மட்டும் தமிழ் முகப்புக்கு மாறினால், உதவிக்கு ஆளின்றித் தனித்துப்போகிறார். ஆகவே முகப்பு மொழி ஓர் அலுவலகம் முழுவதும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

4. எழுத்தும் விசையும்

வன்னியின் அனுபவத்தில் நான்காவது விடையே அதிகம் ஆராயப்பட வேண்டியது. திரையும் பயிற்சியும் முகப்பு மொழியும் சரியாக இருந்தாலும், தமிழை உள்ளிடுவதும் சேமிப்பதும் சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீணாகிவிடும்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் முன்னோடியான ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். தட்டச்சுப் பொறியில் விரல் பழகிய தலைமுறை கணனிக்கு வந்தபோது, இலங்கையில் ரெங்கநாதன் விசையமைப்பும் அதை ஒட்டிய பாமினி எழுத்துருவும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வேரூன்றின. பழகிய விரலுக்குப் பாமினி வேகமானது. பத்திரிகை, கல்யாண அழைப்பு, துண்டுப்பிரசுரம் என்று காகிதத்தில் முடியும் வேலை எதற்கும் அது குறை வைக்கவில்லை.

குறை காகிதத்துக்கு அப்பால் தெரிகிறது. பாமினியில் கணனி சேமிப்பது ஆங்கில எழுத்துகளை. தமிழ் வடிவம் எழுத்துருவின் போர்வை மட்டுமே. “தமிழ்” என்று தட்டிய சொல், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பயனாளிகள் பட்டியல் ஒன்றைப் பாமினியில் தட்டி, எக்செலில் அகரவரிசைப்படுத்தினால் நடப்பது இதைவிடக் கடுமை. இகரத்தில் தொடங்கும் பெயர்கள் முதலில் வரும். பிறகு யகரம், உகரம், நகரம், ககரம் என்று போய், அகரப் பெயர்கள் மகரத்துக்கும் பின்னால் நிற்கும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் தட்டப்படுவதால் செல்வராணி, தேவகி, பொன்னம்மா, வேலாயுதம் ஆகிய நால்வரும் ஒரே கொத்தில் விழுவார்கள். செல்வராணிக்கும் சந்திரனுக்கும் இடையே தொடர்பே இராது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) பெயரைத் தட்டித் தேடினால் பட்டியலில் இருப்பவரும் இல்லை என்றே விடை வரும். பெயர் பட்டியலில் இருந்தும் “உங்கட பேர் இல்லை” என்று ஒருவர் திருப்பி அனுப்பப்படக்கூடிய இடம் இது. அங்கே பாவனையாளரும் பிழைவிடவில்லை, மென்பொருளும் பழுதாகவில்லை. பிழை சேமிப்பு முறையில் இருக்கிறது.

இதற்குரிய தீர்வுகள் பல திசைகளிலிருந்து வந்தன. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு ஒரு விசையமைப்பைப் பரிந்துரைத்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், முகுந்தின் எ-கலப்பை ஆகியவை ஒலிப்புமுறைத் தட்டச்சைப் பரப்பின. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி பாமினி முதலான பழைய எழுத்துரு உரைகளை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 2000 தொட்டு ஒருங்குறித் தமிழ் இயங்குதளத்திலேயே அமைந்தது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 நியமம் 2008இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டு, ரெங்கநாதன் அமைப்பை ஒட்டிய விசைப்பலகையை வகுத்தது. பழகிய விரலையும் கெடுக்காமல் சேமிப்பையும் சரிசெய்யும் இந்த அணுகுமுறை, சாதாரண பாவனையாளரை மனதில்வைத்து எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளுள் ஒன்று.

இருந்தும் தடை நீங்கவில்லை. நெடுங்காலம் விண்டோஸில் தமிழுக்கென்று இயல்பாகக் கிடைத்தது இந்திய இன்ஸ்கிரிப்ட் விசையமைப்பே. தமிழ்99உம் அஞ்சலும் பிந்தியே சேர்ந்தன. இலங்கை நியம அமைப்பை வேண்டுவோர் தேடி நிறுவ வேண்டியிருந்தது. பாமினியைத் தெரிவுசெய்ய எழுத்துருப் பட்டியலில் ஒரு சொடுக்கு போதும். ஒருங்குறிக்கு மாற மொழியமைப்பு, விசைப்பலகை, மாற்றுவிசை என்று பல படி. மக்கள் பழையதை விடாததற்கு மனச்சோம்பலைவிட இந்தப் படிகளின் எண்ணிக்கையே பொருத்தமான காரணமாகத் தோன்றுகிறது.

5. கட்டற்ற மென்பொருளுக்கு மாறுதல்

ஐந்தாவது நிலைப்பாடு உரிமையைப் பற்றியது: மூலநிரல் கையில் இருந்தால் நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 அளவில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பொஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்த்தே நிறுவப்பட்டன. கேரளம் தன் பள்ளிகளில் இன்னும் தூரம் போனது. அங்கே இயங்குதளத்தோடு ஆசிரியர் பயிற்சியும் மலையாளப் பாடமும் தேர்வும் ஒரே திசையில் நகர்ந்தன. மென்பொருள் மாற்றம் நிலைப்பதற்கு மென்பொருளைச் சுற்றியுள்ள அனைத்தும் சேர்ந்து மாற வேண்டும் என்பதே இவ்விரு மாநிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரிவது.

வன்னியில் இவ்வாதத்துக்கு வலு உண்டு. பழைய கணனிகளில் இலகுவான லினக்ஸ் மேசைத்தளங்கள் நன்றாகவே இயங்கும். பென் டிரைவ் வழி பரவும் வைரஸ் தொல்லையும் குறையும். எதிர்வாதமும் இலேசானதன்று. அச்சுப்பொறி இயங்காவிட்டால் யாரை அழைப்பது? கொழும்பிலிருந்து வரும் எக்செல் படிவம் வரி பிசகாமல் திறக்குமா? பழுதுபார்க்கும் கடைக்காரருக்கும் தெரிந்த இயங்குதளம் எது என்பது பாவனை இலகுவின் ஒரு பகுதி. தனியொரு அலுவலகம் எடுக்கும் துணிச்சலான முடிவு, உதவி வலையமைப்பு இல்லாவிட்டால் அந்த அலுவலகத்தின் ஊழியர்மீதே சுமையாகிவிடும்.

6. இடையாளை ஏற்றுக்கொள்ளுதல்

ஆறாவது பார்வை ஒப்பீட்டளவில் புதியது. எல்லோரும் தாமே கணனியை இயக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே அது கேள்விக்கு உட்படுத்துகிறது. நித்யா சம்பசிவனும் சக ஆய்வாளர்களும் 2010இல் பெங்களூரின் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்து, தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பாவிப்பதும் ஒரு முழுமையான பாவனை முறையே என்று காட்டினார்கள். வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கொமினிகேசன் கடையில் ஒருவர் தட்ட, விண்ணப்பதாரர் பக்கத்தில் நின்று சொல்ல, படிவம் நிறைவது வழமை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல், பரீட்சை விண்ணப்பம், காணிக் கடிதம் எல்லாம் இந்த வழியில் போகின்றன.

இம்முறை மனிதருக்கு மனிதர் துணை நிற்பது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் விபரமும், கணவனின் இழப்பீட்டுக் கோரிக்கையும், வங்கிக் கணக்கு எண்ணும் அந்நியர் முன்னால் வாய்விட்டுச் சொல்லப்பட்டு, பொதுக் கணனியில் கோப்பாகக் கிடக்கின்றன. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தட்டுபவரின் ஊகத்தில் விழுந்தால், அடையாள அட்டையும் சான்றிதழும் ஒத்துப்போகாமல் ஆண்டுக்கணக்கில் அலைச்சல். வடிவமைப்பாளர்களோ திரைக்கு முன்னால் ஒருவரே இருப்பதாக எண்ணி வேலை செய்கிறார்கள். சொல்பவரும் சரிபார்க்கும்படி பெரிய எழுத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கப் பக்கம், வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கும் ஒரே பொத்தான் போன்றவை தொழினுட்பத்தில் கடினமானவை அல்ல. கேட்க ஆளில்லாமையால் அவை வரவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

7. கைபேசி வந்த பின்

மேசைக் கணனியின் காலம் முடிந்துவிட்டது, இக்கேள்வியே பழையது என்போரும் உண்டு. கைபேசியில் ஒருங்குறி தானாகவே அமைகிறது. பாமினி அங்கே வேரூன்றவில்லை. குரலில் சொல்லித் தமிழில் எழுதவைக்கவும் முடிகிறது. இளையோருக்குக் கணனி என்றால் கைபேசி என்றாகிவிட்டது. இது பாதி உண்மை. பட்டியல், வரவுசெலவுக் கணக்கு, நீண்ட அறிக்கை, வரைபடம், அச்சு ஆகியவை இன்னும் மேசையில்தான் நடக்கின்றன. சேவை பெறுபவர் கைபேசிக்கு மாறினாலும் சேவை தருபவர் மேசையில் இருக்கிறார். இரண்டுக்கும் இடையே பாமினியில் தட்டிய பி.டி.எஃப். போய்வருகிறது.

மதிப்பீடு

மேற்கண்ட விடைகளில் எதையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு, மற்றவை சரியாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வடிவமைப்பாளர் மின்சாரத்தையும் எழுத்தையும், பயிற்றுநர் பதிப்பையும், தமிழாக்குநர் பயிற்சியையும், கட்டற்ற மென்பொருளாளர் பழுதுபார்ப்பவரையும் நம்பியிருக்கிறார்கள். வன்னியில் சாதாரண பாவனையாளர் இடறுவது பெரும்பாலும் இந்தக் கண்ணிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில்தான் என்பதே இம்மீளாய்வு தரும் முடிவு. அதை ஏற்றால் ஒரு முன்னுரிமை வரிசையும் கிடைக்கிறது: முதலில் எழுத்தின் சேமிப்பும் விசையும், அடுத்து மின்தடையில் வேலை அழியாமை, பிறகு பிழைச்செய்திகளின் தமிழ், அதன் பின்னரே முகப்பின் தோற்றம்.

திறந்திருக்கும் கேள்விகள் சில. நியம விசைப்பலகையை வலியுறுத்துவதா, ஒலிப்புமுறையில் பழகிய இளையோரை அவர்கள் வழியே விடுவதா? பாமினியில் தேங்கிக் கிடக்கும் அலுவலகக் கோப்புகளை மாற்றும் பொறுப்பு யாருடையது, மாற்றும்போது விழும் பிழைகளை யார் சரிபார்ப்பது? சாதாரண பாவனையாளர் என்று நாம் கருதுவது கணனியைத் தொடும் ஊழியரையா, கணனியைத் தொடாமலே அதன் விளைவைச் சுமக்கும் விண்ணப்பதாரரையா? குரல்வழி உள்ளீடு வன்னியின் பேச்சையும் ஊர்ப் பெயர்களையும் எவ்வளவு நம்பகமாகப் பிடிக்கும்?

இவற்றுக்கு வாதத்தால் மட்டும் விடை காண முடியாது. ஐந்து பாவனையாளரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்பது நீல்சனின் பிரபலமான கணிப்பு. அந்த எண்ணிக்கை போதுமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் ஒரு பிரதேச செயலகத்தில் ஐந்து முகாமைத்துவ உதவியாளர்களையும், கொமினிகேசன் கடைகளில் ஐந்து விண்ணப்பதாரர்களையும், அவர்களது உண்மையான படிவத்தோடும் சம்மதத்தோடும் உட்காரவைத்து அவதானிப்பது வவுனியாவிலும் அறிவியல் நகரிலும் படிக்கும் மாணவருக்கு எட்டாத வேலையன்று. மென்பொருள் வாங்கும் திணைக்களம் அந்த அவதானிப்பைக் கொள்வனவின் நிபந்தனையாக்கலாம். எந்த விடை சரி என்ற நெடிய விவாதத்துக்கு வன்னியிலிருந்து சேர்க்கக்கூடிய சான்று அதுவாகவே இருக்கும்.